திருப்புளி லட்சண நிர்ணயம்

பசுவுக்கு லட்சணம் கூறப் புகுந்த தர்க்க சாஸ்திரிகள், மூன்று தோஷங்களைப் பற்றி மாணாக்கனை எச்சரித்துவிட்டே மேலே போவார்கள். கபில நிறமுடையது பசு என்றால் வெள்ளைப் பசு விட்டுப்போகும், இது அவ்யாப்தி. கொம்புடையது பசு என்றால் எருமையும் உள்ளே நுழைந்துவிடும், இது அதிவ்யாப்தி. ஒற்றைக் குளம்புடையது பசு என்றாலோ உலகில் ஒரு பசுவும் அகப்படாது, இது அசம்பவம். இம்மூன்றும் ஒரே வாக்கியத்தில் கூடி வாழும் அபூர்வத்தைக் காண விரும்புகிறவர், எந்த ஹார்ட்வேர் கடைக்காரரிடமாவது சென்று திருப்புளி என்பது யாது என்று வினவலாம். "ஸ்க்ரூவைத் திருகுறதுங்க" என்பார் அவர். அவ்யாப்தியும் அசம்பவமும் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கமாட்டா என்று ஆட்சேபிக்கும் பண்டிதர்கள் உண்டு. அவர்கள் குடும்பஸ்தர்கள் அல்லர்.

முதலில் அவ்யாப்தியை எடுத்துக்கொள்வோம். சாமானிய கிருகத்தில் வாழும் ஒரு திருப்புளியின் தினசரிக் கிருத்தியங்கள் யாவை? பெயிண்ட் டப்பாவின் மூடியைக் கிளப்புவது, ஐப்பசி மழையில் ஊறிப் பருத்துவிட்ட ஜன்னல் கதவை நெம்புவது, கொட்டாங்கச்சியிலிருந்து தேங்காயைப் பெயர்ப்பது, குளியலறைச் சல்லடையில் அடைத்துக்கொண்ட முடியை இழுப்பது, சுத்தியலோடு சேர்ந்து உளியாகிச் சுவரைக் கொத்துவது ஆகிய இவற்றுள் ஒன்றிலாவது திருகாணியின் வாசனையே கிடையாது. இவற்றுள் மகாபாதகம் என்று நான் கருதுவது, பழைய மாதிரிக் குளிர்சாதனப் பெட்டியின் மேலறையில் உறைந்த பனிக்கட்டியைத் திருப்புளியால் குத்துவதாகும். அந்த மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள் வாயு ஓடும் பாதைகள் மறைந்திருக்கின்றன என்பதும், ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் வாயு முழுவதும் வெளியேறிப் பெட்டி வெறும் அலமாரியாகிவிடும் என்பதும், சட்டியை வைக்க இடம் வேண்டும் என்ற அவசரத்தில் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அதிவ்யாப்தியோ இதனினும் வெளிப்படை. திருகாணியைத் திருகுவதெல்லாம் திருப்புளி என்றால், காய்கறிக் கத்தியின் முனை, எவர்சில்வர் கரண்டியின் காம்பு, நகவெட்டியோடு ஒட்டிப் பிறந்த சிற்றரம், மூக்குக் கண்ணாடியின் நுண்ணிய திருகாணியைப் பொறுத்தமட்டில் கட்டைவிரல் நகம், இன்னும் கடைக்காரர் கைநீட்டி வாங்க மறுக்கும் ஐம்பது காசு நாணயம் ஆகிய யாவும் திருப்புளி வர்க்கத்தில் அடங்கியே தீரவேண்டும். சமையலறைக் கத்தியின் முனை ஒடிந்திருக்கும் வீடுகளில், அது காய் நறுக்கி ஒடிந்ததன்று என்பதை மிக்ஸியின் அடித்தட்டைப் பார்த்தே அனுமானிக்கலாம்.

இத்தகைய ஆள்மாறாட்டத்தால் விளையும் கேட்டைச் சற்று நெருங்கி நோக்குவது தகும். ஒற்றை வெட்டுள்ள திருகாணியில், திருப்புளியின் முனை அவ்வெட்டின் நீளத்தையும் கனத்தையும் ஏறக்குறைய நிரப்பி, அடிவரை இறங்கி உட்காரவேண்டும். பெயிண்ட் டப்பாக்களை நெம்பி நெம்பி விளிம்பு மழுங்கிய முனையோ, உளிபோலச் சரிந்து ஆப்பு வடிவமாகி, வெட்டின் மேலுதட்டை மட்டுமே பற்றும். கையின் பலம் ஏற ஏற அச்சரிவின் வழியே தானே மேலேறி வழுக்கும். வழுக்குந்தோறும் உதட்டில் ஒரு சிலும்பலை உரித்தெடுக்கும். மூன்றாம் முறை வழுக்கியபின் அத்திருகாணியை அசைக்க எந்தச் சக்தியாலும் ஆகாது. பரிகாரம் கடினமானதன்று. முனையை மேலே பார்த்து நிற்கும்படி பட்டறைப் பிடியில் இறுக்கி, தட்டையான அரத்தால் அதன் நுனியைச் சதுரமாகவும், இரு பக்கங்களையும் கூடியவரை இணையாகவும் ராவிவிட்டால் போதும். சாணை மெஷினில் கொடுத்து, பொறி பறக்க, எஃகு நீலம் பாரிக்கும்வரை தேய்த்து வாங்குகிறவர்கள் பதத்தையே இழந்து வருகிறார்கள். பதம் போன முனை அடுத்த திருகாணியில் வளையும்.

இந்த வழுக்கலை ஒழிக்கக் கடல் கடந்த தேசங்களில் பெருமுயற்சிகள் நடந்திருக்கின்றன. கானடாவில் ராபர்ட்சன் என்பவர் சதுரக் குழியுள்ள திருகாணிக்கு 1909இல் காப்புரிமை பெற்றார். அதில் முனை எளிதில் வழுக்காது. அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் சிலுவைக் குழிக்கு 1936இல் உரிமை பெற, மோட்டார் கார்த் தொழிற்சாலைகள் அதை ஆவலோடு ஏற்றன. முனை தானாகவே மையத்தில் போய் அமர்ந்துவிடுவது அதன் குணம், பலம் மிஞ்சினால் எகிறி வெளியே வந்துவிடுவது அதன் குற்றம். நம்மவர் இதற்கு 'ஸ்டார்' என்று நாமகரணம் செய்து ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும், ஸ்டாரிலும் 1, 2, 3 என்று அளவு எண்கள் உண்டு என்பதையும், வீட்டுத் திருகாணிகளுள் பெரும்பான்மை 2ஆம் எண்ணைச் சேர்ந்தவை என்பதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆதலால் வானொலிப் பெட்டிக்கென்று வாங்கிய 1ஆம் எண் முனை, கதவுத் தாழ்ப்பாளின் 2ஆம் எண் குழிக்குள் நின்று, கிணற்றுக்குள் விழுந்த வாளி போல நாற்புறமும் மோதிக்கொண்டிருக்கிறது.

இனி அசம்பவம். உண்மையிலேயே திருகவேண்டிய திருகாணியொன்று தோன்றும் கணத்தில் வீட்டில் திருப்புளி இராது. "சார், அஞ்சே நிமிஷம்" என்று வாங்கிப்போன மாடி வீட்டுக்காரரிடம் அது இருக்கலாம். அவரிடமிருந்து அவர் மைத்துனர் வாங்கிப் போயிருக்கலாம். எஞ்சுவது டெஸ்டர். திருப்புளியின் வேஷம் தரித்த அந்தப் பொருளைப் பற்றி விரிவாகவே பேசவேண்டியிருக்கிறது.

1898ஆம் ஆண்டில் ராம்சே, டிராவர்ஸ் என்ற இரு ரசாயன விற்பன்னர்கள் லண்டனில் திரவமாக்கிய காற்றை வடித்துப் பிரித்தபோது கண்ட நியான் என்னும் வாயுவே டெஸ்டரின் பிடிக்குள் செவ்வொளியாகச் சுடர்விடுகிறது. அத்துடன் பெருந்தடையொன்று சேர்க்கப்பட்டிருப்பதால், 230 வோல்ட்டிலும், பிடித்திருப்பவரின் உடல் வழியே மில்லியம்பியரில் ஒரு சிறு பின்னம் மட்டுமே சென்று பூமியை அடைகிறது. அதாவது, விளக்கு எரிவதற்கு வேண்டிய கம்பிகளுள் ஒன்று நாமேதான். இவ்வளவு சூக்ஷ்மமான கருவியைக் கொண்டு சீலிங் ஃபேனின் திருகாணியை முறுக்கினால், பிடி விண்டு, உள்ளிருக்கும் தடை நொறுங்குவதில் வியப்பென்ன? அதற்கப்பால் அதை நம்புவது ஆபத்து. பழுதற்ற டெஸ்டரின் சாட்சியத்தையே அப்படியே கொள்ளலாகாது. நடுப்பகல் வெளிச்சத்திலோ, உலர்ந்த மர முக்காலியின்மேல் நிற்கும்போதோ, மின்சாரம் இருந்தும் ஒளி கண்ணில் படாமல் போகலாம்; நியூட்ரல் அறுந்த வீட்டிலோ, ஏதேனும் ஒரு விளக்கின் சுவிட்ச் போட்டிருந்தால், பிளக்கின் இரண்டு துவாரங்களிலும் அது எரிந்து பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். எரியவில்லை, ஆகவே தொடலாம் என்ற அனுமானத்தை நான் எந்தப் பிரமாணத்தாலும் ஒப்பமாட்டேன். மெயின் சுவிட்சை அணைப்பதே சித்தாந்தம்.

ரட்சணை விஷயத்தில் சொல்லத்தக்கது சொற்பம். திருவொற்றியூரிலும் தூத்துக்குடியிலும் கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும் வேகம், உள்நாட்டில் இருப்போருக்கு விளங்காது. ஈரம் பட்ட கருவியைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு ஒற்றினால் போதும். தேங்காய் எண்ணெய் பூசும் சம்பிரதாயத்தை நான் ஆதரிக்கவில்லை. அது நாளடைவில் காறல் எடுத்துப் புளிப்பேறும், மார்கழிக் காலையில் உறைந்து நிற்கும். பெட்டிக்குள் கற்பூரக் கட்டி போட்டு வைக்கிற ஆசாரிகளைக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய கருவிகள் பளபளவென்றுதான் இருக்கின்றன, ஆனால் அவர்கள் எண்ணெயும் இடுகிறார்கள் என்பதால் காரணம் எதுவென்று நிர்ணயிப்பதற்கில்லை.

கடைசியாக, தளர்ந்த கீலின் பிரச்சினை. வாசற்கதவு தரையை உரசுகிறதென்றால், மேற்கீலின் திருகாணிகள் மரத்தில் பிடிப்பற்று வெறுமனே சுழல்கின்றன என்று பொருள். இதற்கு நீளமான திருகாணியை வாங்கி அடிக்கிற (திருகுகிற அல்ல, சுத்தியலால் அடிக்கிற) மிஸ்திரிகள் உண்டு. துவாரம் பின்னும் பெரிதாவதே அதன் பலன். முறையாவது: கதவின் அடியில் சக்கை கொடுத்துத் தாங்கி, திருகாணியைக் கழற்றி, மருந்துத் தலை கிள்ளிய தீக்குச்சிகள் இரண்டு மூன்றை மரப்பசையில் தோய்த்துத் துவாரத்தில் செருகி, வெளியே நீட்டியிருப்பதை ஒடித்து, இரவு காயவிட்டு, மறுநாள் காலையில் புரியில் மெழுகுவத்தியைத் தேய்த்த அதே திருகாணியைக் கையால் முறுக்குவது. புதிய மரம் கிடைத்துவிட்டதால் அது இறுகிப் பிடிக்கும். சோப்பைத் தேய்ப்பாரும் உளர். சோப்பு ஈரத்தை இழுத்துத் துருவை அழைக்குமாதலால் மெழுகே உத்தமம். ஒரு கீலுக்கு மூன்று திருகாணி, திருகாணிக்கு மூன்று குச்சி என்ற கணக்கில் ஒன்பது தீக்குச்சிகள் வேண்டும். எரிவாயு அடுப்புக்கு லைட்டர் வந்தபின் சமையலறையில் தீப்பெட்டி வழக்கொழிந்துவிட்டது. அது பூஜை அறை மாடத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் அதிலிருந்து ஒன்பது குச்சிகளை எடுப்பது சாஸ்திர சம்மதமா என்பதில் கிருகஸ்தனுக்கும் இல்லாளுக்கும் அபிப்பிராயபேதம் உண்டு, இல்லாளின் தீர்ப்பின்மேல் அப்பீல் கிடையாது.