நீலத்திரைப் போர்: பாடநூலில் இல்லாத பாடம்

பள்ளிக்கூட வரலாற்றில் எல்லாப் போருக்கும் ஒரே வரிசைதான்: காரணங்கள், போக்கு, விளைவுகள். பானிபட்டுக்கும் பக்சாருக்கும் சரிப்பட்ட அந்த வரிசை, 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை மீனம்பாக்கத்தை வந்தடைந்த போருக்கும் சரிப்படும். பாடநூலில் அதை இன்னும் சேர்க்கவில்லை. சேர்க்கும்வரை பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வட்டாரத்துப் பிள்ளைகள் இதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

நில அமைப்பும் மக்களும்

வடக்கே பரங்கிமலை. தெற்கே கிளாம்பாக்கம். கிழக்கே சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று கண்ணாடிக் கட்டடங்கள் வரிசை கட்டி நிற்கும் ஓ.எம்.ஆர். நடுவே ஜி.எஸ்.டி. சாலை, அதில் எந்தப் படையும் வேகமாக முன்னேறியதாகச் சரித்திரம் இல்லை. மக்கள் மூன்று வகைப்படுவர். விமானத்தில் போகிறவர்கள். திரிசூலம் ஸ்டேஷனில் நின்று விமானத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள். பொழிச்சலூரில் வீடு கட்டிவிட்டு, விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் சீரியலில் மாமியார் என்ன சொன்னாள் என்று தெரியாமல் தவிக்கிறவர்கள்.

முந்தைய படையெடுப்பு

இந்த நகரத்தின் பாதுகாப்பைச் சோதித்த பழைய ஆசாமி ஒருவர் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. மூன்று புகைபோக்கி உள்ள கப்பல் அது. நான்கு புகைபோக்கி உள்ள பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரியட்டும் என்று, போலியாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அந்தக் கடலெல்லாம் சுற்றியது. இன்று வங்கியின் பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்திக்கு இதுவே மூதாதை. கரையிலோ விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்தன. உயர் நீதிமன்றக் கோபுரத்தில் அப்போது இருந்த கலங்கரை விளக்கமும் தன் கடமையைச் செய்தது. கடவுச்சொல்லை ‘1234’ என்று வைப்பவர்களின் தாத்தாக்கள் அன்று ஆட்சியில் இருந்தார்கள்.

சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையில் இருந்த பீரங்கிகள் விழித்துக்கொண்டு பதிலுக்குச் சுட்டன, கடலுக்குக் காயம். மறுநாளிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி ஊரைக் காலி செய்தார்கள். அதே செப்டம்பர் 22 காலையில்தான் வடகடலில் ஒற்றை ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்திருந்தது. அந்தச் செய்தியை ஜீரணிக்க லண்டனுக்கே நேரம் போதவில்லை. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில்தான் இருந்தார் என்று ஒரு கதை பிறகு கிளம்பி இன்றுவரை ஓடுகிறது. அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். ஃபார்வர்டு மெசேஜுக்கு வாட்ஸ்அப் அவசியமே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1914இல் எதிரி வெளியிலிருந்து வந்தான், வேஷம் போட்டு வந்தான், போகும்போது ஓடிப்போனான். எதிரிக்கு உரிய லட்சணங்கள் எல்லாம் அவனிடம் இருந்தன. 2024இல் வந்தவனுக்கோ நாமே மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தோம்.

போருக்கான காரணங்கள்

கிரவுட்ஸ்டிரைக் என்பது அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் தலைமையகம் கொண்ட பாதுகாப்பு நிறுவனம். ‘ஃபால்கன்’ என்ற அதன் காவல் மென்பொருளை விமானக் கம்பெனிகள், வங்கிகள், மருத்துவமனைகள் எல்லாம் தங்கள் கணினிகளில் வைத்திருந்தன. சாதாரண மென்பொருள் கெட்டால் அது மட்டும் படுத்துக்கொள்ளும். ஃபால்கன் விண்டோஸின் அடிமடியில், கெர்னல் என்கிற இடத்தில் குடியிருந்தது. அங்கே ஒருவர் தும்மினால் கணினி மொத்தமும் காலி.

அன்று புதுத் தாக்குதல் முறைகளை அடையாளம் காட்ட ஒரு சின்னக் கோப்பை அனுப்பினார்கள். அதன் எண் 291. அந்தக் கோப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த நிரல் தருவது 20 மட்டும். பந்தியில் 20 இலை போட்டுவிட்டு 21ஆவது ஆளுக்குச் சாம்பார் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. இல்லாத இடத்தில் நினைவகத்தைப் படிக்கப்போய் கணினி நீலத்திரை காட்டி மயங்கியது. மறுபடி எழுப்பினால் காவல்காரன்தான் முதலில் எழுவான், எழுந்ததும் அதே கோப்பைப் பிரிப்பான், மறுபடி மயக்கம். முன்பு பார்த்த சோதனைகளில் அந்த 21ஆவது கட்டத்தில் ‘எது வந்தாலும் சரி’ என்று எழுதி வைத்திருந்ததால் குட்டு வெளிப்படவில்லை. நம்மூர் காண்டிராக்டர்கள் இதைக் கேட்டுத் தங்களுக்கும் வெளிநாட்டில் உறவுக்காரர்கள் உண்டு என்று ஆறுதல் அடையலாம்.

அடுத்த காரணம் அமெரிக்க ஆய்வறிக்கைகளில் இல்லை. அது நம் காலண்டரில் இருக்கிறது. அன்று ஆடி 3. ஆடி முதல் வெள்ளி. ஆடியில் புதிதாக எதையும் தொடங்காதே என்று பாட்டி சொல்லாத வீடு தாம்பரத்தில் உண்டா? புது வீடு போகமாட்டோம், பெண் பார்க்கமாட்டோம். இவர்கள் உலகம் முழுக்க அப்டேட் போட்டார்கள். ஆனால் நேரம் பார்த்ததில் குறை சொல்ல முடியாது. கோப்பு வெளியானது இந்திய நேரம் காலை 9.39. எமகண்டம் இல்லை, ராகு காலமும் இல்லை, அப்பழுக்கில்லாத நேரம். தவறை உணர்ந்து திரும்பப் பெற்றதுதான் 10.57க்கு, வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கே தொடங்கிவிட்டது. கெடுத்ததை நல்ல நேரத்திலும் திருத்தியதை ராகு காலத்திலும் செய்தால் காரியம் எப்படி விளங்கும்? 78 நிமிடத்தில் விழுந்ததை எழுப்பப் பல இடங்களில் நாள்கணக்கானது.

போரின் போக்கு

எதிரிப் படை என்று எதுவும் தென்படவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் சாய்ந்தன. அது உலகத்து விண்டோஸ் கணினிகளில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு சதவீதமும் கவுண்டரில் உட்கார்ந்திருந்த சதவீதம்.

மீனம்பாக்கம் உட்பட நாட்டின் விமான நிலையங்களில் இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட் கவுண்டர்கள் திணறின. வரிசை வளர்ந்தது. வீட்டிலேயே வெப் செக்-இன் செய்துவிட்டு மிதப்பாக வந்தவர்கள், பதினைந்து கிலோ ஊறுகாயோடு மூன்று மணி நேரம் முன்னதாக வந்த மாமாக்களுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தது. சமத்துவத்துக்காக எத்தனையோ இயக்கங்கள் நடந்த மண் இது. ஒரு கோப்பு அதை ஒரே காலையில் சாதித்தது.

அப்போதுதான் பழைய ஆயுதம் உறையிலிருந்து உருவப்பட்டது: பால்பாயிண்ட் பேனா. போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெயர், விமான எண், தேதி, இருக்கை. கணினிச் சீட்டில் பாதியில் நறுக்கப்படும் வெங்கடசுப்பிரமணியன்கள் அன்று வாழ்க்கையில் முதன்முறையாக முழுசாகப் பயணம் செய்தார்கள். தில்லியில் எந்த விமானம் எந்த வாசல் என்று வெள்ளைப் பலகையில் எழுதி வைத்தார்கள். இண்டிகோ மட்டும் 190க்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. 1932இல் டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வந்தபோது போர்டிங் பாஸ் என்ற பேச்சே எழவில்லை. கடிதங்கள் வரிசையில் நின்று முணுமுணுப்பதில்லை.

ஓ.எம்.ஆர். முனையில் போரின் போக்கு வேறு. நீலத்திரை வந்த லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினால் மேனேஜரே ‘நீ கிளம்புப்பா’ என்றார், வெள்ளிக்கிழமை வேறு. நீலத்திரை வராதவர்கள் தங்கள் விதியை நொந்துகொண்டார்கள். ஐ.டி. சப்போர்ட் பிள்ளைகள் மட்டும் களத்தில் நின்றார்கள். பரிகாரம் இதுதான்: கணினியை சேஃப் மோடில் எழுப்பு, குறிப்பிட்ட கோப்பைத் தேடிப் பிடித்து அழி, மறுபடி எழுப்பு. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே, பெரும்பாலும் கையால்தான். பூட்டு போட்ட வட்டு என்றால் முதலில் 48 இலக்கச் சாவி எண்ணை அடிக்க வேண்டும். ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க’ என்ற நம் டி.வி. மெக்கானிக்கின் சித்தாந்தத்தை மைக்ரோசாஃப்டே ஏற்று, கிளவுடில் உள்ள கணினிகளை 15 முறை வரைகூட மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கலாம் என்றது. மெக்கானிக் மூன்று தடவைக்கு மேல் கேட்கமாட்டார். அவருக்கு அடுத்த வீட்டில் வேலை இருக்கும்.

இதற்கிடையே விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பல்லாவரத்தில், வழக்கமான வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய மானிட்டர், சி.பி.யு., கீபோர்டு எல்லாம் தார்ப்பாயில் குவித்து விற்கும் சந்தை அது. உலகத்துக் கணினிகள் விழுந்த நாளில், விழுந்து பத்து வருஷமான கணினிகள் அங்கே விலைபோயிருக்கும். பேரம் இப்படித்தான் நடந்திருக்கும் என்பது வரலாற்றாசிரியரின் ஊகம்:

“அண்ணே, இது ஓடுமா?”

“ஓடுமான்னு கேக்காத தம்பி. ஏர்போர்ட்ல இருக்கறதே ஓடலையாம். கிலோ எவ்ளோன்னு கேளு.”

உலகத்தின் பிற பகுதிகள்

அமெரிக்காவில் அப்போது நள்ளிரவை ஒட்டிய நேரம். மில்வாக்கியில் டிரம்ப், சில நாள் முன்பு குண்டு உரசிய காதில் கட்டோடு, ஒன்றரை மணி நேரம் வேட்பாளர் உரை நிகழ்த்தி முடித்த கையோடு கணினிகள் சாயத் தொடங்கின. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். தி ஹேக்கில் சர்வதேச நீதிமன்றம், பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது. வழக்கமான வெள்ளிக்கிழமையாக இருந்தால் அதுதான் தலைப்பு. வங்கதேசத்தில் முந்தின நாளே அரசு இணையத்தை அணைத்திருந்தது. 19 இரவு ஊரடங்கும் வந்தது. அங்கே தெருவில் மாணவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அது சிரித்துக்கொண்டு படிக்கிற பாடம் அல்ல. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம். ஒரு நாட்டை இருட்டாக்க அரசுக்கு ஆணை தேவைப்பட்டது. மீதி உலகத்தை இருட்டாக்க ஒரு கோப்பு போதுமானதாக இருந்தது.

தளபதியின் வரலாறு

பானிபட்டைப் போல இதற்கும் முதலாம் போர் என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். இருந்தது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் அனுப்பிய அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்து உள்ளே தள்ளியது. கணினிகள் வரிசையாகச் சாய்ந்தன. அப்போது அந்நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜார்ஜ் கர்ட்ஸ். 2024இல் கிரவுட்ஸ்டிரைக்கின் தலைமைச் செயல் அதிகாரி யார்? அதே ஜார்ஜ் கர்ட்ஸ். கஜினி முகமது பதினேழு முறை வந்தார் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இரண்டு முறை பெரிய சுமையல்ல.

விளைவுகள்

1. அமெரிக்காவில் டெல்டா விமானக் கம்பெனி ஐந்து நாளில் ஏறக்குறைய 7,000 விமானங்களை ரத்து செய்து, பிறகு வழக்குப் போட்டது. பெரிய அமெரிக்க நிறுவனங்களின் இழப்பு 540 கோடி டாலர் என்று ஒரு காப்பீட்டு ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது.

2. இந்தியாவில் பத்து வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் மட்டும் சிறு இடையூறு என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. பெரும்பாலான வங்கிகளின் முக்கிய அமைப்புகள் கிளவுடுக்கே போகவில்லையாம். வங்கியில் ‘சர்வர் டவுன்’ என்ற பலகையைப் பார்த்தே வளர்ந்தவர்கள், அன்று மட்டும் அது இல்லாததைக் கண்டு திகைத்தார்கள்.

3. மன்னிப்பாகக் கிரவுட்ஸ்டிரைக் தன் கூட்டாளிகளுக்குப் பத்து டாலர் ஊபர் சாப்பாட்டுக் கூப்பன் அனுப்பியது. ஏகப்பட்ட பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தியதால் ஊபர் அதை மோசடி என்று சந்தேகித்துத் தடுத்துவிட்டது. அந்த நாள்களில் ஒழுங்காக வேலை செய்த பாதுகாப்பு ஏற்பாடு இது ஒன்றுதான்.

4. ஆகஸ்டில் லாஸ் வேகஸில் ஹேக்கர்கள் கூடி, ‘மாபெரும் சொதப்பல்’ விருதை அந்நிறுவனத்துக்கு வழங்கினார்கள். அதன் தலைவர் மைக்கேல் சென்டோனஸ் நேரில் வந்து கோப்பையை வாங்கிக்கொண்டார். சொதப்பியவர் மேடையேறி ‘ஆமாம், நாங்கள்தான்’ என்று ஒப்புக்கொள்ளும் காட்சி நம் அரசியலுக்குப் புதிது. இறக்குமதி செய்ய முயலலாம்.

5. அதே ஆகஸ்டில் தாம்பரம் யார்டில் வேலை என்று மின்வண்டிகள் கட்டுக்கட்டாக ரத்தாயின. அதற்கு எந்த மென்பொருளின் உதவியும் தேவைப்படவில்லை.

வினாக்கள்

அ. எம்டனையும் ஃபால்கனையும் ஒப்பிடுக. எதற்கு நாம் பணம் கட்டினோம்? (2 மதிப்பெண்)

ஆ. வேலியே பயிரை மேய்ந்தது என்பது சரியா, வேலி தடுக்கி விழுந்ததில் பயிர் நசுங்கியது என்பது சரியா? காப்பீட்டு முகவர் ஒருவரோடு விவாதித்து எழுதுக. (5 மதிப்பெண்)

இ. உலகத்து விமானங்கள், வங்கிகள், ஆஸ்பத்திரிகள் அத்தனைக்கும் நாலைந்து கம்பெனிகளே காவல் என்றால், அவர்களுக்குக் காவல் யார்? விடை தெரிந்தவர்கள் தெரியாததுபோல் இருக்கவும். (10 மதிப்பெண்)

குறிப்பு: விடைகளை நீலம் அல்லது கருப்பு மையில், கையால் மட்டுமே எழுதவும்.