பரிசம் யாரு கட்டணும்?

ஏண்டா பேராண்டி, எம்பிஏ முடிச்சு, வெளிநாட்டுக் கம்பெனியைக் கூப்பிட்டு வர்ற ஆபீசுல சேர்ந்திருக்கியாமே! உங்கம்மா ஜமுனாமரத்தூர் சந்தை முழுக்கச் சொல்லிட்டா. நல்லா இரு. கோட்டு ஒண்ணு தைச்சுக்க. நம்ம சனம் யாரும் கூப்பிடாமலே திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போய்க்கிட்டுதான் இருக்கு. நீ கூப்பிட்டாவது எதிர்ப்பக்கமா நாலு பேர் வரட்டும்.

நம்ம ஜவ்வாது மலையை அப்படித் தேடி வந்தவரு வானத்தை ஆராயற விஞ்ஞானி வைணு பாப்பு. 1960-கள்ல தொலைநோக்கி வைக்க எடம் தேடினாரு. அவருக்கு வேண்டியது நல்ல இருட்டு. காவலூர்ல அது தாராளமா கெடந்துச்சு. கரண்டு கம்பி சீக்கிரம் வராம பாத்துக்கிட்ட கவர்மெண்ட்டுக்கு விஞ்ஞானம் கடன்பட்டிருக்கு. கம்பெனிக்காரனும் தனக்கு வேண்டியது எங்க கெடக்குன்னுதான் பார்ப்பான். உன் வரவேற்பு வளைவுக்கும் நாதஸ்வரத்துக்கும் மயங்கமாட்டான்.

1996-ல ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையைப் புடிச்சான். எட்டுற தூரத்துல துறைமுகம், ஏற்கெனவே உதிரிப்பாகம் செஞ்சு பழகின கம்பெனிங்க, டிப்ளமோ படிச்ச பசங்க, கார் வாங்க ஒரு தேசமே. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில தைவான்காரன் ஃபெங் டே ஷூ தைக்கிறான். சீனாவுல கூலி ஏற ஏற, வியட்நாம், இந்தோனேசியான்னு கால் வச்சவங்க இங்கயும் வந்தாங்க. விடியறதுக்குள்ள பஸ் ஏறிப்போற பொண்ணுங்க தைக்கிறது நைக்கி. அதுங்க காலுல கெடக்கிறது ரப்பர் செருப்பு. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வெலைதான்டா அவனை இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வருது.

அதெல்லாம் சரி, ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. நம்ம மலையில பொண்ணு கேட்டு வர்றவன் பரிசம் கட்டுவான். உங்க ஆபீசுல தலைகீழா இருக்கே! வர்ற மாப்பிள்ளைக்கே நெலம், வரிச்சலுகை, கரண்டு மானியம். அவனும் லேசுப்பட்டவன் இல்ல. நாலு வீட்டுத் திண்ணையில காப்பி குடிச்சுட்டு, "பக்கத்து வீட்டுல இன்னும் கொஞ்சம் சேத்துத் தர்றாங்க"ன்னு இருமுவான். ஹூண்டாயோட பங்காளி கியா, நம்மளையும் பார்த்தான், ஆந்திராவையும் பார்த்தான். 2017-ல பெனுகொண்டா பக்கம் போய் உக்காந்துட்டான். நம்ம ஆபீசருங்க அன்னைக்கு விட்ட பெருமூச்சு இங்க வரைக்கும் கேட்டுச்சு.

சீதனத்துக்கு நெலம் எங்கிருந்து வருது? செய்யாறு பக்கம் மேல்மாவுல சிப்காட்டுக்கு நெலம் தரமாட்டோம்னு உக்காந்த விவசாயிங்க, கூட நின்னவங்கன்னு ஏழு பேர் மேல 2023 நவம்பர்ல குண்டர் சட்டம் பாய்ஞ்சுது. ஊரே கூச்சல் போட்ட பிறகு ஆறு பேர் மேல போட்டதை வாபஸ் வாங்குனாங்க. ஏர் புடிச்சவன் குண்டன்னா, நான்லாம் கொள்ளைக்கூட்டத் தலைவன்டா.

கட்டின தாலி நிக்குமான்னும் பாத்துக்க. நோக்கியா 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல போன் செய்ய ஆரம்பிச்சான். வரித் தகராறு வந்துச்சு, யாவாரமும் சரிஞ்சுச்சு. 2014 நவம்பர்ல கதவைச் சாத்திட்டான். வேலை போனவங்க கையில நோக்கியா போன் மட்டும் சார்ஜ் எறங்காம இருந்துச்சு. ஃபோர்டு, கார் விக்கல, கடையைச் சாத்தறேன்னு 2021-ல சொன்னான். 2024-ல மறைமலைநகருக்கே திரும்ப வர்றேன்னு கடுதாசி போட்டான். கோவிச்சுக்கிட்டுப் போன மருமகன்கூட இவ்வளவு பவிசா திரும்பமாட்டான்.

அதனால ஒண்ணு செய். சீதனத்தை மொத்தமா மொதல்லயே தூக்கிக் குடுத்துடாத. எத்தனை பேரை நெரந்தரமா வேலைக்கு எடுத்தான்னு வருஷா வருஷம் எண்ணிப் பாத்துக் குடு. பாதியில பூட்டினா வாங்கினதைத் திருப்பிக் கட்டணும்னு எழுதி வாங்கு. மொகம் சுளிச்சு எழுந்தான்னா எழட்டும். துறைமுகத்தையும் பட்டறைங்களையும் அந்தப் பசங்க கைப்பழக்கத்தையும் அவன் பெட்டியில வச்சு எடுத்துக்கிட்டுப் போக முடியாது.

இதை உங்க ஆபீசர்கிட்ட மலைமேல இருக்கிற தாத்தா சொன்னாருன்னு சொல்லிடாத, மொறைப்பாரு. அமெரிக்காவுல ஒரு பேராசிரியர் சொன்னாருன்னு சொல்லு. நோட்டை எடுத்து எழுதிக்குவாரு.