சவப்பெட்டிக்காரரும் 19 அங்குல பீரோவும்

டேட்டா சென்டர் என்றதும் மனசுக்குள் ஒரு படம் ஓடும். நீல விளக்கு, கண்ணாடிச் சுவர், டேப்லெட்டைத் தடவிக்கொண்டே நடக்கும் ஒரு கோட்டுக்காரர். கதவைத் திறந்து உள்ளே போனால் வரிசை வரிசையாக நிற்பது இரும்பு பீரோ. கறுப்பு பெயின்ட், சல்லடைக் கதவு, பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை ப்ளக் பாயின்ட் வைத்த ஒரு நீளப் பட்டை. பீரோவுக்கு ‘ரேக்’ என்றும் பட்டைக்கு ‘பி.டி.யு.’ என்றும் பெயர் வைத்துவிட்டால் போதும், பில்லில் பூஜ்ஜியங்கள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“ஏம்வே, இம்புட்டுதானா? நம்ம சாத்தாங்குளத்துல ஒண்ணு வச்சா என்ன?” என்று ஒரு அண்ணாச்சி கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். வடகிழக்கே தூத்துக்குடியில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்தோடு அனல்மின் நிலையம். தென்மேற்கே கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு. ராதாபுரம் பக்கம் போனால் திரும்பின திசையெல்லாம் காற்றாலை. கரண்டுக்கு நட்டநடுவே உட்கார்ந்திருக்கிற ஊர். அந்தக் கரண்டோ இங்கிருந்து கிளம்பி வடக்கே போய், சிறுசேரியில் ஏதோ ஒரு பீரோவுக்குள் புகுந்து, ரீல்ஸாக உருமாறி மறுபடி சாத்தான்குளத்துக்கே வந்து சேர்கிறது!

சரி, இந்த பீரோ எங்கிருந்து வந்தது? பூர்வீகத்தைத் தோண்டினால், நம்ப மாட்டீர்கள், முதலில் கிடைப்பது ஒரு சவப்பெட்டி வியாபாரி.

அமெரிக்காவில் கான்சஸ் சிட்டி. ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்ற மனிதருக்கு ஈமக்கிரியை காண்ட்ராக்ட்தான் தொழில். அந்தக் காலத்து டெலிபோனில் நீங்கள் யாரைக் கூப்பிட வேண்டுமென்றாலும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் அம்மணியிடம் சொல்ல வேண்டும். அவர் ஒயரைச் செருகினால்தான் பேச்சு. ஊரில் சாவு விழுகிறது, ஆனால் ஸ்ட்ரௌஜருக்கு போன் வருவதில்லை. விசாரித்தால், ஆபரேட்டர் வேறு யாருமில்லை, போட்டிக் கடைக்காரரின் சம்சாரம் என்று கதை.

சாத்தான்குளம் பஜாரில் இரண்டு மளிகைக் கடை, எக்ஸ்சேஞ்சில் எதிர்க்கடை அண்ணாச்சியின் வீட்டம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர் என்ன செய்திருப்பார்? அதிகபட்சம் மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. ஸ்ட்ரௌஜர் அப்படிச் சில்லறையாக யோசிக்கவில்லை. உலகத்தில் உள்ள அத்தனை ஆபரேட்டர்களின் வேலைக்கும் சேர்த்து வேட்டு வைக்கிற ஒரு மெஷினைக் கண்டுபிடித்தார்.

அதற்கும் மாடல் என்னவாம்? சட்டைக் காலர் வைக்கிற ஒரு வட்ட டப்பா, சுற்றிலும் குத்திய குண்டூசிகள், நடுவில் சுழலும் ஒரு பென்சில். 1889-ல் மனு, 1891-ல் பேட்டன்ட், 1892-ல் இண்டியானா மாநிலத்து லா போர்ட் என்ற சின்ன ஊரில் உலகின் முதல் ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச். உங்கள் மெயிலை இன்றைக்குச் சரியான ஆளிடம் சேர்க்கிற நெட்வொர்க் ஸ்விட்ச்சின் கொள்ளுத் தாத்தா இந்தக் காலர் டப்பாதான்.

இதிலும் ஒரு உள்குத்து உண்டு. டெலிபோன் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தவர் சொன்னதாக இன்னொரு கதை இருக்கிறது: ஸ்ட்ரௌஜர் கடை வாசலில் தொங்கிய தகரப் பெயர்ப்பலகை காற்றில் ஆடி ஒயரில் பட்டுப்பட்டு லைனைக் கெடுத்ததாம். அது உண்மையென்றால் அந்த அம்மணி பாவம், ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் அதற்குள் சந்தேகம் பேட்டன்ட் ஆகிவிட்டது!

1896-ல் பேட்டன்டுகளை 1,800 டாலருக்குத் தள்ளிவிட்டார். 1902-ல் காலமானார். 1916-ல் பெல் டெலிபோன் கம்பெனி தரப்பு அதே உரிமைக்குக் கொடுத்த விலை 25 லட்சம் டாலர். மனிதர் அடக்கம் செய்வதில் கெட்டிக்காரர். விலை விஷயத்தில் மட்டும் ஏன்தான் அவ்வளவு அடக்கமோ!

இந்தியாவுக்கு ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தபோது முதலில் ஏறிய இடம் சிம்லா. துரைமார்கள் வெயிலுக்குப் பயந்து ஒதுங்கிய மலையில்லவா! வெளியூருக்கு என்றால் எல்லோருக்கும் ட்ரங்க் கால்தான். லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவே முதல் எஸ்.டி.டி. வந்ததே 1960-ல். கருப்பட்டி விலை கேட்கக் கொத்தவால்சாவடிக்கு ட்ரங்க் கால் போட்டவர், காலையில் புக் பண்ணிவிட்டுக் காத்திருந்து, கடைசியில் லைன் கிடைத்ததும் தொண்டை கிழியக் கத்தினால், மெட்ராஸ்காரருக்குக் கேட்டதோ இல்லையோ, பஜார் முழுக்க விலை தெரிந்துவிடும். பிரைவசி பாலிசி இல்லாத காலம்.

பேச்சைத் தூரத்துக்குத் தள்ளும் ரிப்பீட்டர் சாமான்கள் பெருகப் பெருக எக்ஸ்சேஞ்சுகளில் இடம் போதவில்லை. 1920-களில் அமெரிக்க டெலிபோன் ஜாம்பவான் ஏ.டி.&டி. கம்பெனி சாமான்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஓர் அளவைக் கட்டிக்கொண்டது: முகப்பு 19 அங்குல அகலம், ஒரு தட்டு ஒன்றே முக்கால் அங்குல உயரம். வாடகை மிச்சம் பிடிக்கப் போட்ட கணக்கு. அந்த ஒன்றே முக்கால் அங்குலம்தான் இன்றைக்கு ‘1U’. வால்வு போச்சு, டிரான்சிஸ்டர் வந்தது, ஏ.ஐ. வந்து கவிதை எழுதுகிறது. எழுதுவதும் 19 அங்குலத்துக்குள் உட்கார்ந்துதான்.

ஃபேஸ்புக்காரர்கள் 2011-ல் ‘ஓபன் கம்ப்யூட்’ என்று கொடி பிடித்து, பிறகு இந்த அளவை உடைத்தார்கள். உள்ளே 21 அங்குலம்! புரட்சி! வெளி அகலத்தை மட்டும் பழைய 600 மில்லிமீட்டரிலிருந்து நகர்த்தவில்லை. டேட்டா சென்டரில் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிற தளமும் வரிசையும் அந்தக் கணக்குக்குத்தான். பழைய உலகத்தையே புரட்டிப் போட வந்தவர்கள் தரை டைல்ஸுக்குக் கட்டுப்பட்டார்கள்.

பீரோ கதை இது. பீரோவுக்குள் போகிற கரண்டின் கதையில் இன்னும் பெரிய தலை உருள்கிறது: தாமஸ் ஆல்வா எடிசன்.

1882-ல் நியூயார்க் பேர்ல் ஸ்ட்ரீட்டிலிருந்து 110 வோல்ட் டி.சி. (நேர்மின்சாரம்) விநியோகத்தைத் தொடங்கினார். அந்த டி.சி. ஒரு மைல் போவதற்குள் மூச்சு வாங்கும். போட்டிக்காரர் வெஸ்டிங்ஹவுஸ் மாறுமின்சாரமான ஏ.சி.யோடு வந்து நின்றதும் எடிசனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏ.சி. ஆபத்து என்று நிரூபிக்க, அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே நாய்களுக்கு ஷாக் கொடுத்துக் காட்டினார்கள். 1890-ல் முதல் மின்சார நாற்காலி தண்டனைக்கும் வெஸ்டிங்ஹவுஸ் ஜெனரேட்டரையே தேடிப் பிடித்தார்கள். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே என்னமாய் ஒரு நெகட்டிவ் பிரசாரம்!

எடிசன் யானையைக் கொன்றார் என்று ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். டாப்ஸி யானை செத்தது 1903-ல். சண்டை முடிந்து பத்து வருஷம். மனிதர் அந்த இடத்திலேயே இல்லை. படம் பிடித்தது அவர் பெயர் தாங்கிய கம்பெனி. 1892-ல் அவருடைய மின்சாரக் கம்பெனி இணைப்பில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனபோது பெயர்ப்பலகையிலிருந்து ‘எடிசன்’ காணாமல் போனார். கம்பெனி கூச்சமில்லாமல் ஏ.சி. வியாபாரம் பார்த்தது.

நம் பக்கம் ஏ.சி.யைத் தவிர வேறு வழியே கிடையாது. மலையில் தண்ணீர் விழ வேண்டும், சமவெளியில் பல்பு எரிய வேண்டும். 1932-ல் பைக்காரா, 1944-ல் பாபநாசம். எடிசன் பேச்சைக் கேட்டிருந்தால் பாபநாசத்துக் கரண்ட் விக்கிரமசிங்கபுரம் தாண்டுவதற்குள் தாமிரபரணியிலேயே இறங்கிக் குளித்துவிட்டுப் படுத்திருக்கும்.

ஆனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குள் மட்டும் டி.சி. சாகவே இல்லை. இரண்டு வோல்ட் பேட்டரி செல் 24-ஐ வரிசையாகக் கோத்து 48 வோல்ட். செம்பு அரிக்காமல் இருக்கப் பாசிட்டிவ் முனையை எர்த் பண்ணி, மைனஸ் 48. ஊரே இருட்டாகக் கிடந்தாலும் டெலிபோன் மட்டும் டிங் டிங் என்றது இதனால்தான்.

நியூயார்க்கில் எடிசன் வம்சத்து டி.சி. விநியோகத்தின் கடைசி இணைப்பை வெட்டியது 2007-ல். அதற்குள்ளாகவே டேட்டா சென்டர்காரர்கள் தலையைச் சொறிய ஆரம்பித்திருந்தார்கள். ஏ.சி. வருகிறது, யு.பி.எஸ். அதை பேட்டரிக்காக டி.சி. ஆக்குகிறது, திரும்ப ஏ.சி. ஆக்கி பி.டி.யு.வுக்கு அனுப்புகிறது, சர்வர் அதை மறுபடி டி.சி. ஆக்குகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கமிஷன் வெப்பமாகப் போகிறது. அந்த வெப்பத்தை விரட்ட இன்னொரு கரண்ட் பில்! 2025-ல் என்விடியா 800 வோல்ட் டி.சி.யை நேராக ரேக்குக்கே கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தது. இது எடிசன் காலத்திலேயே வந்திருந்தால் ஒரு நாயாவது தப்பித்திருக்கும்.

வெப்பம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1984-ல் தொடங்கிய அரசு டெலிகாம் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் ஆட்கள் கிராமங்களுக்கு 128 லைன் எக்ஸ்சேஞ்ச் செய்தபோது, ஏர்கண்டிஷனர் இல்லாமலே ஓடும்படி செய்தார்கள். தேரிக்காட்டு அனலில்கூட நிற்கக்கூடிய டிசைன். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஏர்கண்டிஷன் ரூம் கேட்டு அடம்பிடித்த நேரத்தில் நம் பெட்டி ஃபேன் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தது.

டேட்டா சென்டர் கேட்ட அண்ணாச்சிக்கு இன்னொரு பாயின்டும் உண்டு: கடலடிக் கேபிள். அதற்கு முன் அதே கடலில் ஒரு கப்பல் கதை. 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. பிரிட்டிஷ் கம்பெனி டிக்கெட்டைக் குறைத்தது, பிறகு இலவசம் என்றது, அதன் பிறகு குடையும் தருகிறேன் என்றது. ஜியோவுக்கு நூற்றிச் சொச்சம் வருஷம் முந்தைய வெல்கம் ஆஃபர்! 2006-ல் தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் மவுண்ட் லவினியாவுக்குக் கேபிள் போட்டார்கள். குடை கொடுக்கவில்லை. உலகக் கேபிள்களோ பெரும்பாலும் சென்னையிலும் மும்பையிலும்தான் கரையேறுகின்றன. பீரோக்களும் அங்கேயே.

போகட்டும், நாளைக்கே சாத்தான்குளத்தில் ஒன்று திறந்துவிட்டார்கள் என்றே வையுங்கள். ஒவ்வொரு ரேக்கிலும் இரண்டு பி.டி.யு., ஏ ஃபீட், பி ஃபீட். சிவப்பு ஒயர், நீல ஒயர், பார்க்கவே அழகு. ஒன்று போனால் மற்றது தாங்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றிலும் பாதி லோடுக்கு மேல் ஏற்றக் கூடாது. காலியாக ஒரு ப்ளக் பாயின்டைப் பார்த்தால் நம் கை சும்மா இருக்குமா? இதில் எழுபது சதவீதம், அதில் எழுபது சதவீதம். ஒரு நாள் ஏ ஃபீட் போகும். மொத்த பாரமும் பி மேல் விழும். நூற்று நாற்பது சதவீதத்தில் அதுவும் ட்ரிப் ஆகும். ரேக் முழுக்க இருட்டு.

விசாரணைக் கமிட்டி வந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்கும். சிவப்பும் நீலமும் ஒரே யு.பி.எஸ்.ஸில் போய் முடியும்.