முதல் இலை யாருக்கு, பேராண்டி?

வாய்யா வக்கீல் பேராண்டி! சிதம்பரம் கோர்ட்டு வாசல்ல கறுப்புக் கோட்டு மாட்டி, வேர்த்து வழிய வாய்தா வாங்குறியாமே. எதுக்கு இந்தப் பொழப்பு? விசாரணைக் கமிஷன்னு போடுவாங்க பாரு, அதுல அரசாங்கத்துப் பக்கமா ஒரு நாற்காலியைப் புடி. ஃபீஸு கஜானாவுல இருந்து வரும். சீக்கிரம் முடிஞ்சிருமோன்னு பயப்படாத. ஜெயலலிதா சாவை விசாரிக்க 2017-ல ஆறுமுகசாமி கமிஷனுக்குக் கொடுத்த கெடு மூணு மாசம். அறிக்கை வந்தது 2022 ஆகஸ்ட்டுல.

நிபுணருங்களுக்கும் வழி இருக்கு. 1952-ம் வருஷத்து விசாரணைக் கமிஷன் சட்டம், 5பி பிரிவு: விஷயம் தெரிஞ்சவங்களைத் துணைக்கு வச்சுக்கலாம், பயணப்படி, தினப்படி உண்டு.

அடுத்தாப்புல 8சி. பரீட்சைக்குப் படிச்சிருப்பியே! வக்கீல் வச்சுக் குறுக்கு விசாரணை பண்ற பந்தியில முதல் இலை அரசாங்கத்துக்கு. ரெண்டாவது, பேரு கெட்டுடும்னு பயப்படுறவனுக்கு. புள்ளையைப் பறிகொடுத்தவன்? சாட்சி சொல்லிட்டு, கமிஷன் அனுமதிச்சா உக்காரலாம். அவன் சோப்பு வாங்குனப்ப கட்டுன வரியிலதான் முதல் இலைக்குப் பரிமாறுறாங்க. கும்பகோணத்துல 2004-ல 94 புள்ளைங்க கருகினப்ப சம்பத் கமிஷன் போட்டாங்களே, அதுவும் இந்தச் சட்டந்தான்.

நம்ம செம்மங்குப்பம் ரயில்வே கேட்டுல இன்னும் சிக்கனம். 2025 ஜூலை 8, ஸ்கூல் வேன் மேல ரயில் மோதி மூணு புள்ளைங்க போச்சு. ரயில்வே மேல ரயில்வேயே குழு போட்டு விசாரிச்சுது. வக்கீல் செலவு மிச்சம் பாரு!

லண்டன்ல கிரென்ஃபெல் அடுக்குமாடி 2017-ல எரிஞ்சு 72 பேர் செத்தாங்க. அந்த விசாரணையில குடும்பங்களோட வக்கீலுக்கும் அரசாங்கப் பணம் போச்சு. வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு சிரிக்காத. நம்ம 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் சட்டம், 12-ம் பிரிவு என்ன சொல்லுது? பேரழிவு, வெள்ளம், ஆலை விபத்துல அடிபட்டவனுக்கு இலவச வக்கீல். சுனாமி, தானே புயல், 2015 வெள்ளம், சிப்காட்டு வெடிவிபத்து... கடலூர்க்காரன் ஏதாவது ஒண்ணுல தேறிடுவான்யா! கமிஷன்ல இது செல்லுமான்னு வாதாட வேண்டியது உன் வேலை, என்னைக் கேக்காத.

கடலூர்ல மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. ஒரு மனு எழுதிப் போட்டு, வக்கீல் பட்டியல்ல உன் பேரைச் சேர்த்துட்டு வா. ஃபீஸு சொற்பந்தான். அரிசிக்கு நான் இருக்கேன்.