பங்காளிச் சண்டை வாழ்க

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அதில் என் பங்கு எத்தனையில் ஒன்று என்று கேட்டால் பங்காளிகள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

என் சின்ன வயதில் அந்த வீட்டு அறைகளுக்குள் நுழைவது லேசில்லை. வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றிக் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஒவ்வொரு அறைக்கும் பூட்டு. சாவி அந்தந்த ஆச்சியின் இடுப்பில். அப்பத்தா தன் அறையைத் திறக்கும்போது வாசல்படியில் நின்று எட்டிப் பார்க்கலாம். உள்ளே பெயரின் முதலெழுத்து வெட்டிய பித்தளை அண்டாக்கள், ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த எனாமல் தூக்குகள், ஓலைக் கொட்டான்கள். எல்லாம் சீராக வந்தவை.

"அப்பத்தா, அந்தப் பூப்போட்ட தட்டுல ஒரு நாள் சாப்பிடட்டுமா?"

"அது சாப்பிடுறதுக்கில்லப்பா, வச்சிருக்கிறதுக்கு."

அண்மையில் போயிருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சாவிக்கொத்தை எடுக்கவே இல்லை. "பூட்டெல்லாம் துருவேறிப் போச்சு தம்பி, தள்ளுனாலே தொறந்துக்கும்" என்றார். தள்ளினேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரில் இன்னும் முகம் தெரிகிறது. பர்மாத் தேக்குத் தூண்கள் அசையவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வௌவால் எச்சம். ரவிவர்மா அச்சகத்து லட்சுமியின் சட்டத்துக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. இந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரே குடும்பம் அதுதான்.

ஒரு காலத்தில் பிள்ளைகள் பக்கத்தில் போனாலே அதட்டல் விழும் இரும்புப் பெட்டகம் வாய் பிளந்து கிடந்தது. உள்ளே தங்கம் இல்லை, பேரேடு இருந்தது. தலைப்பில் 'சிவமயம்'. கீழே தமிழெழுத்தில் பர்மியப் பெயர்கள், நேரே வட்டிக் கணக்கு. 1930-ல் நெல் விலை சரிந்ததும் கடன்காரர்களால் பணம் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் அப்போது 6 சதவீத நிலம் அங்கே வட்டிக்குக் கொடுத்துவந்த எங்கள் செட்டியார்களிடம் இருந்தது. 1937-ல் அது 25 சதவீதம். கடன் கொடுத்தவன் ஜமீன்தார் ஆனான் என்று ஊரே மெச்சியது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. நிலத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வர யாராலும் முடியவில்லை.

பேரேட்டுக்கு அடியில், ஜப்பானியர் பர்மாவுக்கென்று அச்சடித்த ரூபாய் நோட்டுகள். 1945-ல் அவை வெறும் காகிதமாயின. பர்மா நிலமும் போய், பர்மா நோட்டும் போன பிறகும், என் தாத்தா அவற்றைப் பூட்டித்தான் வைத்திருந்தார். இன்று பழைய நாணயம் விற்பவர்கள் அவற்றுக்கு விலை சொல்கிறார்கள். செல்லும் காலத்தில் மதிப்பிழந்தது, செல்லாத காலத்தில் விலைபோகிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் மற்ற வீடுகளையெல்லாம் பார்க்கலாம். ஒரு பழம்பொருள் கடையில் கதவு, ஒன்றில் தூண், இன்னொன்றில் மரப்பாச்சி. அடுத்த தெருவில் ஒரு வீடு ஓட்டலாகிவிட்டது. அப்பத்தாவிடம் இருந்ததைப் போன்ற எனாமல் தட்டுகளை அங்கே சுவரில் மாட்டியிருக்கிறார்கள். விருந்தாளிகளுக்கு வாழையிலையில்தான் சாப்பாடு. அப்பத்தா வாக்கு பொய்க்கவில்லை.

பாசமும் ஒற்றுமையும் இருந்தால் குடும்பம் நிற்கும் என்பார்கள். எங்கள் ஊரில் பங்காளிகள் ஒற்றுமையாகக் கையெழுத்துப் போட்ட வீடுகள்தான் முதலில் இடிந்தன; மரம் தனி, இரும்பு தனி, கல் தனி என்று லாரி ஏறின. எங்கள் வீடு நிற்பதற்குக் காரணம், சென்னையில் இருக்கும் அண்ணன் சொல்லும் விலைக்குக் கோலாலம்பூர் சித்தப்பா ஒப்பாததும், சித்தப்பா சொல்வதற்கு அண்ணன் ஒப்பாததும்தான். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ 2014-ல் தன் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் பங்காளிச் சண்டை இந்த வீட்டைப் பாதுகாக்கத் தொடங்கிவிட்டது.

ஆகவே பங்காளிகளே, விற்பதற்கு யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். கூரையில் ஓடு மாற்ற மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்புங்கள். யார் பங்கு எவ்வளவு என்ற சண்டையை ஒழுகாத வீட்டுக்குள் உட்கார்ந்து போடுவோம்.