கடல் இழந்த ஊரின் கடல் கேள்விகள்
வாசகர் கேள்வி – பதில்

இந்த வாரம்: மத்தியதரைக் கடலில் பாய்ப்படகுப் பயணம்

கேள்வி: கண்டியில் கடலே இல்லை. மத்தியதரைக் கடலைப் பற்றி நமக்கு என்ன பேச்சு? (கட்டுகஸ்தோட்டை)

பதில்: உங்கள் ஊர்ப் பாலத்தடியில் ஓடும் மகாவலி எங்கே போகிறது? திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு. அந்தக் குடா ஒரு காலத்தில் கண்டி இராச்சியத்தின் கடல்வாசல். அங்கே நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பலில் வந்த ரொபர்ட் நொக்ஸ், 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு 19 வருடங்கள் இந்த மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தார். 1766இல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையில்தான் கண்டியின் கரையோரம் முழுவதும் கைவிட்டுப் போனது. இழந்தவருக்குத்தான் பேச முதல் உரிமை.

கேள்வி: நம்மவர்கள் யாராவது அந்தக் கடலில் பாய் விரித்துப் போனதுண்டா? (மாத்தளை)

பதில்: உண்டு. 1930இல் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய 89 அடி நீளப் பாய்க்கப்பல் அன்னபூரணி. உலகைப் பாய்ப்படகில் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் அதை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதிலே ஏடன், சுயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் என்று கடந்து, அத்திலாந்திக்கையும் தாண்டி, 1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் இறங்கினார்கள். பள்ளிக்கூடப் பாடநூலில் இதற்கு ஒரு முழுப் பக்கம் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: யாட் ஒன்றை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாமா? (குண்டசாலை)

பதில்: கிரேக்கத்திலும் குரோஷியாவிலும் படகோட்டும் சான்றிதழ் இல்லாமல் தரமாட்டார்கள். இல்லாவிட்டால் கப்டனோடு சேர்த்து எடுக்கலாம். சான்றிதழ் இருந்தாலும் முதல் பயணத்தில் கப்டனோடு போங்கள். அங்கே பல துறைமுகங்களில் படகைப் பக்கவாட்டில் கட்ட இடம் கிடையாது. முன்னால் நங்கூரத்தை இறக்கி, பின்பக்கமாக நகர்ந்து, இரண்டு படகுகளுக்கு நடுவே நுழைய வேண்டும். பக்கக் காற்று அடிக்கும்போது அது தேர்ந்த கைக்கான வேலை.

கேள்வி: எந்த மாதம் நல்லது? ஓகஸ்ட் விடுமுறையில் போகலாமா? (பேராதனை)

பதில்: ஏஜியன் கடலில் ஜூலையும் ஓகஸ்டும் மெல்தெமி என்ற வடகாற்றின் மாதங்கள். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, காற்று மட்டும் நாள்கணக்கில் விடாது. கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சம். மே கடைசி, ஜூன், செப்டம்பர் ஆகியவைதான் புதியவருக்கு உகந்தவை. செப்டம்பரில் கடல்நீர் இன்னும் இளஞ்சூடாகவே இருக்கும்.

கேள்வி: கிரேக்கத் தீவுகள், பிறகு துருக்கிக் கரை, மீண்டும் கிரேக்கம். ஷெங்கன் விசா ஒன்று போதுமா? (கண்டி)

பதில்: ஒருமுறை மட்டும் நுழையும் விசாவாக இருந்தால் போதாது. துருக்கி ஷெங்கனுக்கு வெளியே. அங்கே போய்த் திரும்புவது இரண்டாவது நுழைவு. ஆகவே பலமுறை நுழையும் விசாவைக் கேட்டு வாங்குங்கள், துருக்கிக்கு வேறாக விண்ணப்பியுங்கள். குரோஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. பயணப் பாதையை விசாவுக்கு முன்பே தீர்மானிப்பதுதான் நம் கடவுச்சீட்டுக்காரருக்கு நல்ல வழி.

கேள்வி: கடுகண்ணாவ வளைவிலேயே எனக்குத் தலைசுற்றும். படகு தாங்குமா? (பிலிமத்தலாவ)

பதில்: பஸ்ஸில் முன் இருக்கை தேடுகிறவர் படகில் நடுப்பகுதியைத் தேட வேண்டும், ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளத்தில் இருந்து தொடுவானத்தைப் பாருங்கள். கீழே அறைக்குள் போய்ப் புத்தகம் விரிக்க வேண்டாம். மாத்திரையானால் வைத்தியரைக் கேட்டு, படகு புறப்படுமுன் போடுங்கள்.

கேள்வி: பெரிய உல்லாசக் கப்பல் மலிவாயிற்றே, சிறு படகு எதற்கு? (கம்பளை)

பதில்: பெரிய கப்பல் உங்களைக் காலையில் இறக்கி மாலையில் ஏற்றிவிடும். ஆயிரக்கணக்கானோர் ஒரே தெருவில் நடந்து ஒரே கடையில் நிற்பீர்கள். வெனிஸ் நகரம் இந்த நெரிசலும் அலையும் தாங்காமல் போக, 2021 ஓகஸ்டிலிருந்து பெருங்கப்பல்கள் நகர நடுவே வருவதை இத்தாலி தடுத்தது. சிறு படகு இரவு துறைமுகத்திலேயே தங்கும். விடியற்காலையில் மீன் இறங்குவதையும், ஊர்க்காரர் ரொட்டி வாங்குவதையும் பார்த்தவருக்குத்தான் அந்த ஊர் தெரியும்.

கேள்வி: நான் வழிகாட்டி. கொழும்பில் கப்பல் நிற்கும் நாளில் ஐரோப்பியப் பயணிகள் கண்டிக்கு வருகிறார்கள். கையில் இரண்டு மணித்தியாலம்தான். எதைக் காட்டுவது? (கண்டி)

பதில்: கொழும்பிலிருந்து 115 கிலோமீற்றர். போகவர நாளின் பெரும்பகுதி தெருவிலேயே கழிகிறது. ஆகவே ஐந்து இடங்களை ஓடிக் காட்ட வேண்டாம். தலதா மாளிகையைக் காட்டிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் பத்தினி தேவாலயத்துக்கு அழைத்துப் போங்கள். இவள் நம் கண்ணகி, பூம்புகாரில் பிறந்தவள், அந்தத் துறைமுகத்தில் மத்தியதரைக் கடலிலிருந்து வந்த யவனர்கள் குடியிருந்தார்கள் என்று சொல்லுங்கள். தங்கள் கடலின் கதை இந்த மலையில் இருப்பதைக் கேட்டவர் அந்த நாளை மறக்கமாட்டார்.

கேள்வி: கிரேக்கம் போக என்னிடம் பணம் இல்லை. எனக்கு என்ன பதில்? (தெல்தெனிய)

பதில்: திருகோணமலைக்குப் பஸ் ஏறுங்கள். மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் அமைதி. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அது, வெளிநாட்டுப் பாய்ப்படகுகளும் அங்கே வருகின்றன. ஓர் இரவாவது தங்குங்கள். பழைய கோணேசர் கோயிலை இடித்த கற்களால் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்குள் நடந்து, இன்றைய கோயிலில் கும்பிட்டு, மறுநாள் மூதூர்ப் பக்கம் போய் மீனவர்களிடம் காற்றைப் பற்றிக் கேளுங்கள். காசு சேர்ந்து கிரேக்கம் போகும் நாளில் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.