ஓநாயின் வயிற்றுக்குள் ஒரு வாய்ஸ் ஓவர்

காட்சி 1. ஓநாயின் வயிறு. உள்புறம். இரவா பகலா என்று சொல்ல வழியில்லை.

பாட்டியின் குரல்: "நான் செத்து அரை மணி நேரம் இருக்கும். செத்தேன்னு உறுதியாவும் சொல்ல முடியல, இங்க டாக்டர் யாரும் இல்ல. கதவைத் தாழ் போடாம படுத்தது என் தப்பு. ஆனா கேக்கும் ஒயினும் எடுத்துக்கிட்டுக் கிளம்பின பேத்தி, வழியில யார்கிட்ட என் விலாசத்தைச் சொன்னா? இந்தக் காட்டுல யாரையும் நம்பக் கூடாது. முக்கியமா, சிவப்புக் குல்லா போட்டவங்களை."

தேவதைக் கதைகளை நுவார் என்னும் இருண்ட குற்றப்படத் திரைக்கதையாக மாற்ற உட்கார்ந்தால் முதலில் இடிக்கிற இடம் இதுதான்: கதையைச் சொல்வது யார்? "ஒரு ஊரில் ஒரு ராஜா" என்று ஆரம்பிக்கிறாரே, அந்த ஆசாமிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், சம்பவத்தன்று எங்கே இருந்தார் என்று ஆயிரம் வருஷமாக ஒரு குழந்தையும் கேட்டதில்லை. நுவாரில் அந்தச் சலுகை கிடையாது. 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) படத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தோளில் குண்டோடு ஆபீசுக்கு வந்து, டிக்டஃபோனில் தன் குற்றத்தைத் தானே பதிவு செய்கிறான். 'சன்செட் பொலிவார்ட்' (1950) இன்னும் ஒரு படி மேலே. நீச்சல் குளத்தில் குப்புற மிதக்கும் பிணம்தான் கதைசொல்லி. பிணம் பேசலாம் என்றால் முழுசாக விழுங்கப்பட்ட பாட்டி பேசுவதற்கு என்ன தடை? அவருக்கு நேரமும் இருக்கிறது.

உண்மையில் பாட்டிக்கு அந்த வேலையே முதலில் மிச்சமில்லை. 1697இல் பாரிஸில் சார்ல் பெரோ அச்சிட்ட சிவப்புக் குல்லா கதையில் ஓநாய் பாட்டியைத் தின்கிறது, பிறகு பேத்தியைத் தின்கிறது, கதை முடிந்தது. மீட்க யாரும் வரவில்லை. கடைசியில் ஒரு நீதிப் பாட்டு மட்டும் வருகிறது. நயமாகப் பேசி வீடு வரை கூட வரும் ஓநாய்கள்தான் ஆபத்தானவை என்று இளம்பெண்களை எச்சரிக்கிறார் பெரோ. அரசவையில் பழகிய மனிதர். எத்தனை ஓநாய்களுடன் விருந்து சாப்பிட்டாரோ.

115 வருஷம் கழித்து, 1812இல், கிரிம் சகோதரர்கள் ஒரு வேட்டைக்காரனை அனுப்புகிறார்கள். அவன் துப்பாக்கியை இறக்கிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்து வயிற்றை வெட்டுகிறான். வெளியே வரும் பெண் சொல்லும் முதல் புகார், உள்ளே ஒரே இருட்டு என்பது. நுவாருக்கு ஒளிப்பதிவு செய்த ஜான் ஆல்ட்டன் கேட்டிருந்தால் ஓநாயையே செட்டாகப் போட்டிருப்பார். அதற்குப் பிறகு நடப்பதை நிதானமாகப் படியுங்கள். வயிற்றில் கல்லை நிரப்புகிறார்கள். ஓநாய் செத்ததும் வேட்டைக்காரன் தோலை உரித்து வீட்டுக்கு எடுத்துப் போகிறான். பாட்டி கேக்கைத் தின்று ஒயினைக் குடிக்கிறாள். எல்லாருக்கும் திருப்தி. குழந்தைகளுக்கு இது சுபம். எனக்கோ, கொள்ளைக் கும்பல் பங்கு பிரிக்கும் கடைசி ரீல் மாதிரி இருக்கிறது.

அதனால்தான் தேவதைக் கதையை நுவாராக மாற்றுவதைத் 'தழுவல்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காணாமல் போன நகையை அடகுக் கடையிலிருந்து மீட்டு வருவது தழுவலா என்ன?

அடகு வைத்தவர்கள் யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம். இருவரும் மார்புர்க்கில் சட்டம் படித்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது. வக்கீலுக்குப் படித்தவன் சாட்சியை எப்படித் தயார் செய்வான் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. இவர்கள் ஜெர்மன் கிராமங்களில் அடுப்படி அடுப்படியாக உட்கார்ந்து பாட்டிமாரிடம் கதை கேட்டார்கள் என்று ஊரே நம்பியது. பெரும்பாலும் நடந்தது வேறு. காஸல் நகரத்தில் படித்த குடும்பத்து இளம்பெண்கள் இவர்கள் வீட்டுக்கு வந்து கதை சொல்லிவிட்டுப் போனார்கள். சிவப்புக் குல்லா கதை கிடைத்த ஹாஸன்ஃப்ளூக் குடும்பம் பிரெஞ்சு வம்சாவளி. புகழ்பெற்ற 'நாட்டுப்புறச் சாட்சி' டொரோதியா ஃபீமான் ஒரு தையற்காரரின் மனைவி. அவர் முன்னோரும் பிரான்ஸிலிருந்து வந்தவர்களே. கலப்படமில்லாத ஜெர்மானியச் சரக்கு என்று முத்திரை குத்தி விற்றதில் ஒரு பகுதி எல்லை தாண்டி வந்த சரக்கு. வில்ஹெல்ம் சும்மா இருக்கவில்லை, கதை சொல்ல வந்த பக்கத்து வீட்டு டோர்ட்ஷென் வில்டை 1825இல் கல்யாணமும் செய்துகொண்டார். சாட்சியை மணந்துகொள்ளும் புலனாய்வு அதிகாரி. நுவாரில் இது முதல் பாதியிலேயே நடந்து, இரண்டாம் பாதியில் அவனைக் கொல்லும். இங்கே அவர்கள் சுகமாக வாழ்ந்தார்கள்.

1812 முதல் 1857 வரை ஏழு பதிப்புகள். ஒவ்வொன்றிலும் யாரோ தடயத்தைத் துடைத்திருக்கிறார்கள். பேனா பெரும்பாலும் வில்ஹெல்ம் கையில். முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பது சொந்த அம்மா. 1819இல் பார்த்தால் அம்மா போய்ச் சித்தி வந்துவிட்டாள். பெற்றவள் கொல்லமாட்டாள், வாக்கப்பட்டு வந்தவள் எதுவும் செய்வாள் என்ற தர்மம் அங்கேயும் உண்டு. ரபுன்ஸல், கோபுரத்தில் அடைபட்ட அப்பாவிப் பெண், முதல் பதிப்பில் தன்னை அடைத்து வைத்தவளிடம் வெகுளியாக ஒரு கேள்வி கேட்கிறாள்: என் உடையெல்லாம் ஏன் இறுக்கமாகிறது? இளவரசன் ராத்திரி ராத்திரி கூந்தலைப் பிடித்து ஏறி வந்து பேசிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. அடுத்தடுத்த பதிப்புகளில் அவள் வயிறு சமத்தாகிவிட்டது. ஆனால் கண் பிடுங்குவது, கால் வெட்டுவது, உயிரோடு சமைப்பது எதற்கும் கத்தரி இல்லை. சிண்ட்ரெல்லாவின் அக்காள்மாருடைய கண்களைப் புறாக்கள் கொத்துவது 1819இல் புதிதாகச் சேர்த்தது. ரத்தம் இருக்கலாம், கர்ப்பம் கூடாது.

இந்தக் கொள்கையை 1934இல் ஹாலிவுட்டில் ஜோசப் பிரீன் என்ற தணிக்கைத் தலைவர் சட்டம் மாதிரியே அமல்படுத்தினார். படத்தில் யார் வேண்டுமானாலும் கொலை செய்யலாம், கடைசியில் தண்டனை கிடைத்தால் போதும். ஒரே கட்டிலில் இரண்டு பேர் படுப்பதுதான் தலைவலி. ஸ்நோ ஒயிட்டை உள்ளபடியே திரைக்கதையாக்கி அவருடைய அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்:

"ஐயா, பக்கம் 9: அடியாள் சிறுமியைக் கொல்லாமல் விட்டுவிட்டு, பன்றியின் நுரையீரலையும் ஈரலையும் அத்தாட்சியாகக் கொண்டுவருகிறான். அரசி அதை உப்புப் போட்டுச் சமைக்கச் சொல்லிச் சாப்பிடுகிறாள். ஆட்சேபம் இல்லை. பக்கம் 31: ஒரு பெண் ஏழு ஆண்கள் வீட்டில் தங்குகிறாள். கட்டில்களுக்கு இடையே உள்ள தூரத்தை அடிக்கணக்கில் தெரிவிக்கவும். பக்கம் 58: இளவரசன் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் பிணத்தைத் தனக்கே தரும்படி கேட்கிறான். இதைத் திருமணத்துக்குப் பின் வைத்துக்கொள்ள முடியுமா? பக்கம் 70: கல்யாண வீட்டில் அரசி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பு மாட்டிக்கொண்டு சாகும்வரை ஆடுகிறாள். குற்றவாளி தண்டிக்கப்படுவதால் மகிழ்ச்சி."

'டபுள் இன்டெம்னிட்டி'யில் கதாநாயகன் விஷவாயு அறையில் சாகும் காட்சியைப் பில்லி வைல்டர் எடுத்து முடித்துவிட்டு, வேண்டாம் என்று தானே வெட்டிவிட்டார். கிரிம் சகோதரர்களோ மரண தண்டனையைக் கல்யாணப் பந்தலில் வைத்து, விருந்தினரையும் உட்காரவைத்தவர்கள்.

சிண்ட்ரெல்லாவை வைத்து என்ன செய்யலாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பேராசை உண்டு. கிரிம் கதையில் அவள் மூன்று ராத்திரி இளவரசனோடு ஆடுகிறாள். மூன்றாம் ராத்திரி அவன் அரண்மனைப் படிகளில் தார் பூசி வைக்கிறான். சந்தேகப்பட்ட ஆளை மடக்கப் போலீஸ் போடும் வலை. சிக்கியது ஆள் அல்ல, ஒரு தங்கச் செருப்பு. அதுவரை கெட்டிக்காரன்தான். ஆனால் மூன்று ராத்திரி முகத்துக்கு முகம் பார்த்து ஆடியவனுக்கு அவள் முகம் ஞாபகமில்லை! செருப்பு அளவு ஒன்றுதான் துப்பு. அக்காள்மாரில் மூத்தவளுக்குக் கட்டைவிரல் இடித்தது. அம்மா கத்தியை நீட்டி, ராணியான பிறகு நடக்கவா போகிறாய் என்று தேற்றினாள்.

காட்சி 34. சாலை. மழை. குதிரையின் பின்னால் மூத்தவள்.

இளவரசன்: "உங்க செருப்புலேருந்து ஏதோ சொட்டுது."

மூத்தவள்: "மழை."

இளவரசன்: "சிவப்பா இருக்கே."

மூத்தவள்: "உங்க ஊர் மழை எப்படின்னு எனக்கென்ன தெரியும்?"

வாயடைத்துப் போகிறான். ரத்தம் வழிகிறது என்று மரத்திலிருந்து இரண்டு புறாக்கள் போட்டுக்கொடுத்த பிறகுதான் திரும்புகிறான். உடனே இளையவளை ஏற்றிக்கொள்கிறான், அவள் குதிகாலை வெட்டியிருக்கிறாள், அதையும் புறாதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பறவை இன்ஃபார்மர்கள் இல்லாவிட்டால் அந்த நாட்டில் ஒரு கேஸும் முடிந்திருக்காது. இவனைவிட எனக்கு அந்த அப்பன்தான் உறுத்துகிறான். வேறு பெண் இருக்கிறாளா என்று கேட்டால், செத்துப்போன முதல் மனைவியின் மகள் ஒருத்தி அடுப்படியில் கிடக்கிறாள், அவள் மணப்பெண்ணாக லாயக்கில்லை என்கிறான். சொந்தத் தகப்பன். நுவாரில் கொலைகாரனைவிட மோசமான மனிதர்கள் இப்படித்தான் வாசற்படியில் நின்று ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போவார்கள்.

1933க்குப் பிறகு ஹிட்லருக்குத் தப்பி ஜெர்மன் பேசும் சினிமாக்காரர்கள் ஹாலிவுட்டுக்கு வந்து குவிந்தார்கள்: ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக், வைல்டர். பெட்டியில் துணிமணியோடு கிரிம்மின் இருட்டையும் மடித்து எடுத்து வந்திருக்கவேண்டும். மனைவிமாரைக் கொன்று அறைக்குள் பூட்டிவைக்கும் 'நீலத்தாடி' கதையைக் கிரிம் 1812இல் சேர்த்து, அடுத்த பதிப்பில் தூக்கிவிட்டார்கள். லாங் அதை எடுத்துத் தூசி தட்டி, 1947இல் 'சீக்ரெட் பியாண்ட் த டோர்' என்று படமாக்கினார். அதில் வரும் கணவன், கொலை நடந்த அறைகளை அப்படியே பெயர்த்து வந்து வீட்டில் சேகரிக்கிறான். ஏழாவது அறைக்கு மட்டும் பூட்டு. தபால்தலை சேகரித்திருக்கக் கூடாதா, பாவி.

இவர்கள் யாருக்கும் தாங்கள் எடுப்பதற்கு நுவார் என்று பெயர் என்பது அப்போது தெரியாது. போர் முடிந்து அமெரிக்கப் படங்கள் பாரிஸுக்கு வந்திறங்கிய பிறகு, 1946இல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர்தான் அப்படி அழைத்தார். இதுவும் ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் கதைதான். பெயரைக் கண்டுபிடித்ததும் அந்தக் குள்ளன் தன்னைத்தானே இரண்டாகக் கிழித்துக்கொள்கிறான். விமர்சகர்களும் அன்றிலிருந்து இரண்டாகக் கிழிந்து, எது நுவார் என்று அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வைல்டர் செய்ததுதான் குறும்பு. ஸ்நோ ஒயிட்டை அப்படியே தூக்கி நியூயார்க்கில் போட்டு, சார்ல்ஸ் பிராக்கெட்டோடு 'பால் ஆஃப் ஃபயர்' (1941) எழுதினார். இயக்கியவர் ஹோவர்ட் ஹாக்ஸ். குள்ளர்களுக்குப் பதில் கலைக்களஞ்சியம் எழுதும் வயதான ஏழு பேராசிரியர்கள், எட்டாவதாக இளவரசன் கணக்கில் கேரி கூப்பர். ஸ்நோ ஒயிட் யார் என்கிறீர்கள்? பார்பரா ஸ்டான்விக். இரவு விடுதியில் பாடுகிறவள், தாதாவின் காதலி, அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லவேண்டியிருக்குமே என்று இந்தக் கிழவர்கள் வீட்டில் ஒளிகிறாள். முத்தம் கொடுக்க உயரம் போதாமல் தடித்த புத்தகத்தின் மேல் ஏறி நிற்கிறாள். அறிவு உலகத்துக்கு அதைவிடப் பெரிய பயன் உண்டா! படம் முழுக்கச் சிரிப்புதான், ஆனால் துப்பாக்கிகள் நிஜம். மூன்று வருஷம் கழித்து அதே ஸ்டான்விக் காலில் கொலுசு மாட்டிக்கொண்டு 'டபுள் இன்டெம்னிட்டி'யில் மாடிப்படி இறங்கினாள். ஸ்நோ ஒயிட் சித்தியாகப் பதவி உயர்வு பெற்ற கதை இது.

இந்த ஏழு பேராசிரியர்கள் விஷயத்தில் ஒரு விசித்திரம். 1837இல் ஹனோவர் மன்னன் எர்ன்ஸ்ட் அகஸ்ட் அரசியல் சாசனத்தைக் குப்பையில் போட்டபோது, கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கண்டனக் கடிதம் எழுதி வேலை இழந்தவர்கள் சரியாக ஏழு பேராசிரியர்கள். அதில் இருவர் கிரிம் சகோதரர்கள். மூன்று நாளில் நாட்டைவிட்டு ஓடச் சொன்ன மூவரில் யாக்கோப் ஒருவர். குள்ளர்களைக் கதையில் வைத்தவர்களையே ஏழுக்குள் ஒருவராக்கிக் காட்டுக்குத் துரத்தினான் ஒரு ராஜா.

வேலை போனதும் என்ன செய்தார்கள்? அகராதி. 1838இல் ஒப்புக்கொண்டது, முதல் தொகுதி வரவே 1854 ஆயிற்று. சினிமாப் பேராசிரியர்களாவது எஸ் எழுத்து வரை வந்தார்கள். வில்ஹெல்ம் 'டி' எழுத்தை முடித்துவிட்டு 1859இல் கண்ணை மூடினார். யாக்கோப் தனியாக மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து 'எஃப்' வரை நகர்ந்தார். மற்றவர்கள் சேர்ந்து முழு அகராதியை முடித்தபோது வருஷம் 1961.

கடைசிக் காட்சி. பெர்லின். 20 செப்டம்பர் 1863. படிப்பறை, மேஜை விளக்கு, ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில்.

யாக்கோப் கிரிம் இறந்துவிட்டார். வயது 78. கேமரா மெதுவாகக் கையெழுத்துப் பிரதியை நெருங்குகிறது. பாதியில் நிற்கும் சொல் ஃப்ருக்ட். பழம்.

என்ன பழம், யார் கொண்டுவந்து கொடுத்தார்கள், வாசலில் அன்று கூடையோடு கிழவி யாராவது வந்தாளா என்று ஒரு போலீஸ்காரனும் விசாரிக்கவில்லை.